பத்து நிமிடச் சந்திப்புக்கு முழு நாவலையும் கொண்டுபோகலாமா?

நாவல் பாதிதான் முடிந்திருக்கிறது, எழுத்தாளர் மாநாட்டில் பதிப்பாசிரியரோடு பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது, பிரதியைக் கையில் கொடுக்கலாமா, கதையைத் திருடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரதியைக் கொடுக்க வேண்டாம். அன்று அவர் இன்னும் பலரைப் பார்க்க வேண்டும், கட்டுக்கட்டாகத் தாளைச் சுமந்துகொண்டு போக மாட்டார். ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் அத்தியாயம், இது போதும். அதையும் கேட்டால் மட்டும் நீட்டுங்கள். சுருக்கத்தில் முடிவையும் எழுதிவிடுங்கள். பின்னட்டை வாசகம் மாதிரி மர்மமாக நிறுத்துவதுதான் புதியவர்கள் பலரும் செய்யும் தவறு. கதை கடைசிவரை நிற்கிறதா என்றுதான் அவர் பார்ப்பார்.

பாதிதான் எழுதியிருக்கிறேன் என்பதை மறைக்காதீர்கள். முதல் நாவல் என்றால் பெரும்பாலும் முடித்துவிட்டு அனுப்பச் சொல்வார்கள். அது மறுப்பு இல்லை. எந்த முகவரிக்கு, எந்த வடிவில் அனுப்புவது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருட்டு பயம் சரி, புரிகிறது. பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் அது எழுதிய வடிவத்துக்குத்தான், வெறும் கருவுக்குக் கிடையாது.

அப்புறம், மாநாட்டில் பதிப்பு ஒப்பந்தம் பற்றிய அமர்வு இருந்தால் அதில் உட்காருங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யாருக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்புமா என்று கேளுங்கள். நாவலைப் பாராட்டிவிட்டு உங்களிடமே பணம் கேட்பவர் கட்டணத்துக்கு அச்சிடுபவர், அந்தக் கணக்கில் பேசுங்கள்.