எள்ளுத்தாத்தா லார்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாவுடைய அப்பாவின் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, ஊட்டியில் கவர்னராக இருந்த ஒரு லார்டுக்குப் பிறந்தவர் என்று எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். அவரைப் பெற்றவர் கவர்னர் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவராம், கல்யாணம் ஆகவில்லை. கொள்ளுத்தாத்தா பிறந்தது 1884, ஞானஸ்நானம் ஊட்டி கோயிலில். லார்டு ஊருக்குப் போகும்போது ஒரு வெள்ளி ஸ்பூனும் அரவங்காடு பக்கம் மூன்று ஏக்கரும் கொடுத்துவிட்டுப் போனாராம். ஸ்பூன் பீரோவில் இருக்கிறது, நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் விஷயம் முடிந்தது என்கிறார் மாமா. எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: டெஸ்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த 1884ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எங்கே எழுதியிருக்கிறது? கல்லறைக் கல்லிலா, வீட்டு பைபிளின் முதல் பக்கத்திலா, பென்ஷன் புத்தகத்திலா, இல்லை யாரோ சொன்னதா? ஆண்டு சரிதான் என்றால் கவர்னர் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் டியூக் 1880 கடைசியிலேயே பதவி முடிந்து போய்விட்டார். அடுத்து வந்த வில்லியம் ஆடம் சில மாதங்களிலேயே, 1881 மே மாதம், ஊட்டியில் இறந்துபோனார், செயின்ட் தாமஸ் கோயிலில் அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம். 1881 நவம்பரிலிருந்து 1886 வரை கவர்னர் கிராண்ட் டஃப், அவர் பிரபுப் பட்டமே இல்லாதவர், லண்டன் நாடாளுமன்றத்தில் மக்கள் சபை உறுப்பினராக இருந்து வந்தவர். அப்புறம்தான் கானமரா பிரபு வந்தார், அதற்குள் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு வயது.

அதற்காகக் கதை முழுக்கப் பொய் என்று சொல்லவரவில்லை. கோடை வந்தால் மதராஸ் சர்க்காரே மலையேறிவிடும் காலம் அது. கவர்னரின் ஏடிசிகள் (கூடவே இருக்கும் ராணுவ உதவியாளர்கள்), ராணுவ அதிகாரிகள், காபி, தேயிலைத் தோட்டக்காரர்கள் என்று வந்தவர்களில் பிரபு வீட்டு இளைய மகன்களும் உண்டு. இங்கிலாந்தில் பட்டமும் சொத்தும் மூத்தவனுக்கு, மற்றவன் பட்டாளத்துக்கோ கடல் கடந்தோ போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவர்களில் பெரும்பாலோர் பத்திரங்களில் லார்டு என்று வரமாட்டார்கள், பெயருக்கு முன்னால் ஆனரபிள் என்றுதான் இருக்கும். நீங்கள் லார்டு என்றே தேடிக்கொண்டிருந்தால் அந்த ஆளைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பக்கத்திலேயே வெலிங்டன் பாசறை இருந்ததையும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக் கதைகளில் சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாய் இரண்டு தலைமுறை தாண்டினால் கேப்டன் ஆவார், மூன்றாவதில் கவர்னரே ஆகிவிடுவார்.

அடுத்து ஞானஸ்நானப் பதிவேடு. செயின்ட் ஸ்டீபன்ஸா, செயின்ட் தாமஸா, கத்தோலிக்கக் கோயிலா என்று முதலில் தெரிந்துகொண்டு, அங்குள்ள ஆயருக்கோ சாமியாருக்கோ கடிதம் எழுதி, பதிவின் முழு வரியையும் கேளுங்கள், சுருக்கச் சான்றிதழ் போதாது. ஆங்கிலேயத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் அந்தக் காலத்திலேயே மதராஸ் வழியாக லண்டனுக்குப் போயின, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் பெயர்களை இலவசமாகத் தேடலாம். ஆனால் ஒன்று, நம்மூர்க் கிறிஸ்தவராகக் குழந்தையைப் பதிந்திருந்தால் அது உள்ளூர் ஏட்டோடு நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் மனம் விட்டுவிடாதீர்கள், தாயின் பெயரையும் குடியிருந்த இடத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் ஸ்பூனுக்குக்கூட இடம் இருக்கிறது, அந்த ஆயாவுக்குப் பெயர் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தார், கூடப் பிறந்தவர்கள் யார், பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே குடியிருந்தார் என்பதற்கெல்லாம் தடயம் கிடைக்கும், அவர் வேலை பார்த்த பங்களா எது என்று தெரிந்தால்தான் ஆள் யார் என்ற பேச்சே. அதைக் காதல் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். சம்பளம் கொடுக்கிற எஜமானிடம் முடியாது என்று சொல்லும் வசதி ஆயாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

நிலம் கொடுத்தது உண்மையென்றால் எழுத்தில் இருக்கும். நிலம் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் தாய்ப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். ஆன்லைன் வில்லங்கத்தில் அவ்வளவு பழைய வருடங்கள் வராது, புத்தகத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் எழுதிக்கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் உங்கள் கையில் இருப்பதில் பலமான துருப்பு இந்த மூன்று ஏக்கர்தான். பெயர் கிடைத்துவிட்டால் உயிலைத் தேடலாம். மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரர்களின் உயில் நகல்களும் அதே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, வேலைக்காரிக்கு மாதம் இவ்வளவு, அவள் மகனுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

ஸ்பூனைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை போய்விடும். ஜன்னலோரம் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, காம்பின் பின்புறத்தை மொபைலில் படம் எடுங்கள். நடக்கிற சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதித்த வெள்ளி, பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும், விக்டோரியா ராணியின் தலை இருந்தால் 1890க்குள் செய்தது. சிங்கம் இல்லாமல் இ.பி.என்.எஸ். என்று இருந்தால் வெறும் வெள்ளி முலாம்தான். முன்பக்கம் பறவைத் தலையோ வாள் பிடித்த கையோ செதுக்கியிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பட்டமே இல்லாத குடும்பங்களும் அப்படிப் போட்டுக்கொண்டன. அதற்கு மேலே சின்னக் கிரீடம் இருக்கிறதா, அதில் எத்தனை உருண்டை என்று எண்ணுங்கள்: நான்கு தெரிந்தால் பாரன் (பிரபுக்களில் கடைசிப் படி), நெருக்கமாக ஒன்பது என்றால் அதற்கு மேற்படியான விஸ்கவுன்ட், உயரமான முனைகளில் ஐந்து என்றால் அதற்கும் மேலே ஏர்ல். அப்போதும்கூட ஸ்பூன் ஏலத்தில் வாங்கியதாக இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள், சமையலறையிலிருந்து மடியில் வந்ததாகவும் இருக்கலாம்.

கடைசியாக டிஎன்ஏ. மாமா சொன்னது பாதி சரி. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோம் உங்கள் எள்ளுத்தாத்தாவிலிருந்து நேராக மாமாவிடம் வந்திருக்கும், அதனால் எச்சிலைக் கொடுக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் இல்லை. மற்றபடியும் அந்த எள்ளுத்தாத்தாவின் பங்கு மாமாவிடம் சுமார் 12 சதவீதம் இருக்கும், உங்களிடம் 6தான். ஆனால் ‘ஐரோப்பா 12 சதவீதம்’ என்று வரும் வட்டப்படத்தைப் பார்த்துத் துள்ள வேண்டாம், வெலிங்டன் சிப்பாய்க்கும் பிரபு மகனுக்கும் அதே வட்டம்தான் வரும். அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு யாராவது அதே நிறுவனத்தில் டெஸ்ட் எடுத்து, இரண்டும் பொருந்தினால்தான் பேச்சு. அதனால்தான் பத்திரம் முதலில், எச்சில் கடைசியில்.

கேள்வி: என் பாட்டி ஒரு சமஸ்தான ராஜாவுக்குப் பிறந்தவர் என்பார்கள். கோயிலில் 1911ஆம் ஆண்டுப் பதிவை வாங்கினேன், இலத்தீனில் ‘தந்தை தெரியாது’ என்று இருக்கிறது. அம்மாவிடம் காட்டலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: காட்டுவதற்கு முன்னால் ஓரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்திலேயே கத்தோலிக்கக் கோயில்களில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதை ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறிக்கும் வழக்கம் வந்துவிட்டது. குறிப்பு இருந்தால் எந்தப் பங்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது என்று தெரியும், அங்குள்ள ஏட்டில் மணப்பெண்ணின் தகப்பன் என்று ஒரு பெயர் எழுதியிருக்கக்கூடும். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் விடாதீர்கள், பிள்ளையைத் தூக்கி நின்றவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அம்மாவிடம் முதலில் அந்த ஞானத்தாய் யார் என்று மட்டும் கேளுங்கள். உங்களைவிட அதிகம் தெரிந்துகொண்டு அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். சொல்ல விருப்பமில்லை என்று தெரிந்தால் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: லார்டு வம்சம் என்று நிரூபித்துவிட்டால் பட்டமோ சொத்தோ விசாவோ கிடைக்குமா?
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: கிடைக்காது. முறையான திருமணத்தில் பிறந்தவருக்குத்தான் பட்டம் போகும். பெற்றவர்கள் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளையை முறைப்படியானதாக ஏற்கலாம் என்று 1926இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தபோதும் பட்டத்தை மட்டும் கவனமாக விலக்கி வைத்தார்கள். விசாவுக்கு எல்லாரையும் போல விண்ணப்பம் போடுங்கள், ஸ்பூனை இணைக்க வேண்டாம்.