நான்கு மெழுகுவர்த்திகள், நான்கு உயரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷ்டுட்கார்ட்டில் படிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் இங்கே வீடுகளில் மேசைமேல் வைக்கும், நான்கு மெழுகுவர்த்தி பொருத்திய ‘அட்வென்ட்’ பச்சை வளையத்தை இம்முறை நாங்களும் கட்டினோம். மூன்றாம் ஞாயிறுக்குள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. முதல் மெழுகுவர்த்தி அடிவரை எரிந்துபோனது. நான்கையும் ஒரே உயரத்தில் வைத்திருக்க வழியுண்டா? நான்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சிலர் ஊதா நிறம் வைப்பது ஏன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே உயரத்தில் இருக்கவே கூடாது. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என ஏற்றுகிறோம். முதலாவது நான்கு ஞாயிறும் எரியும், கடைசியானது ஒரே ஒரு நாள். எத்தனை வாரம் காத்திருந்தோம் என்பது அந்த ஏற்ற இறக்கத்தில்தான் தெரியும்.

யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக ‘ரௌஹெஸ் ஹவுஸ்’ இல்லத்தை நடத்தினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொள்ள, 1839-இல் ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்கு 20 சிறிய சிவப்பு. அந்த ஆண்டு திருவருகைக் காலம் (அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காலம்) டிசம்பர் 1-இல் தொடங்கியதால் 24-ஆம் தேதிவரை கணக்கு சரியாக வந்தது. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே எந்த நாளிலும் விழலாம். எனவே சிறியவை ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2022-இல் 24, 2023-இல் 18. வீட்டு மேசைக்கு வந்தபோது ஞாயிறுக்குரிய நான்கு மட்டும் தங்கின. கத்தோலிக்கத் தேவாலயங்கள் பிற்பாடுதான் இதை ஏற்றன, கொலோனில் 1925-இல். ஊதா திருவருகைக் காலத்தின் வழிபாட்டு நிறம். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ஓர் இளஞ்சிவப்பு என வைப்பார்கள். ஜெர்மன் வீடுகளில் நான்கும் சிவப்பாக இருப்பதே அதிகம். பச்சைமேல் அந்தச் சிவப்புக்கு ஈடில்லை.

இலை கொட்டியதற்கு வருவோம். நீங்கள் வாங்கியது ‘ஃபிஷ்டே’ என்ற ஸ்புரூஸ் மரக் கிளையாக இருக்கும். ஹீட்டர் ஓடும் அறையில் அது சீக்கிரம் உதிரும். ‘நார்ட்மன்டன்னே’ (ஃபிர் மர வகை) என்று கேட்டு வாங்குங்கள். காய்ந்தாலும் ஊசியிலை காம்பிலேயே நிற்கும். கட்டுவதற்கு 30 செ.மீ. வைக்கோல் வளையம் ஒன்று, சுருளாக மெல்லிய கம்பி. கிளைகளை 10 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, மூன்று நான்கைச் சேர்த்து வைத்து இரண்டு சுற்று இறுக்குங்கள். அடுத்த கொத்து முந்தியதன் காம்பை மறைக்க வேண்டும், கூரை ஓடு வேய்வதுபோல. உள்வட்டத்துக்குக் குட்டையான துண்டுகள். கம்பியை இடையில் வெட்டாதீர்கள், தளர்ந்துவிடும். அடிப்பக்கத்தில் இலை வேண்டாம். இருந்தால் மேசையில் ஆடும். மெழுகுவர்த்தி 6 செ.மீ. தடிமனில் இருக்கட்டும். அதைத் தாங்கும் முள் வைத்த தகரத் தட்டு வைக்கோல்வரை இறங்க வேண்டும், இலையில் மட்டும் நின்றால் சாயும்.

இரவில் வளையத்தைக் குளிர்ந்த பால்கனியில் வையுங்கள். நான்காம் ஞாயிறு மிகக் கவனம்: கிளை காய்ந்திருக்கும், முதல் மெழுகுவர்த்தியின் சுடர் இலைக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். இரண்டு விரல் உயரத்துக்கு வந்ததும் அதை மாற்றிவிடுங்கள். உயரக் கணக்கு கெட்டாலும் பரவாயில்லை. விடுதியில் நெருப்புக்குத் தடை இருந்தால் எல்இடி வைக்கலாம், ஆனால் அது தேயாது.

‘டோட்டன்ஸோன்டாக்’ என்ற இறந்தோர் நினைவு ஞாயிறு முடியும்வரை அலங்காரம் கூடாதென்பது பழைய வழக்கம். அடுத்த ஞாயிறே முதல் மெழுகுவர்த்தி என்பதால், கட்டுவதற்கு உங்களுக்கு இடைப்பட்ட ஒரு வாரம் இருக்கிறது. கிளைகளை அந்த வாரக் கடைசியில் வாங்கினால் போதும்.