கேளுங்கள், சொல்கிறேன்: ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

கேள்வி: ஐயா, தஞ்சாவூரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். மனித வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. முதல் வகைப் புரதத்தைப் பார்க்க, அதைத் தேடிப் பிடிக்கும் டபிள்யூ6/32 என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) வாங்கினோம். செல்லை முழுசாக வைத்து, அதில் ஒட்டிய ஆன்டிபாடியின் ஒளியை அளக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரியில் அருமையாகத் தெரிந்தது. அதே குப்பியிலிருந்து எடுத்து புரதங்களைப் பிரித்துத் தாளில் பதித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் செய்தால், மூன்று தடவையும் புரதத்தைக் காட்டும் கோடு, அதாவது பேண்டே விழவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?
- மாணவி, மன்னார்குடி

பதில்: கெடவில்லை அம்மா. பிளாட்டுக்கு முன்னால் சாம்பிளை எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற கரைசலில் சுடவைத்தீர்கள் அல்லவா, அங்கேதான் விஷயம்.

நம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை அவிழ்க்காமல் குத்தூசியைச் செருகி, ஒரு பிடி நெல்லை வெளியே எடுத்துப் பார்ப்பார்களே, நம் செல்லும் அதைத்தான் செய்கிறது. குத்துவதற்கு ஆள் வர வேண்டியதில்லை, தானே எடுத்து நீட்டும். உள்ளே உடைபட்ட புரதத்திலிருந்து 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டை எச்.எல்.ஏ.வின் பள்ளத்தில் பொருத்தி வெளியே காட்டும். உடலைக் காவல் காக்கும் டி செல் அதைத் தடவிப் பார்க்கும். வைரஸ் துண்டாக இருந்தால் அந்தச் செல்லின் கதை முடிந்தது.

இந்த எச்.எல்.ஏ.வில் பெரிய சங்கிலி ஒன்று, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சின்னப் புரதம் ஒன்று. இரண்டும் சேர்ந்து நிற்கும் கோலத்தைத்தான் டபிள்யூ6/32 அடையாளம் காணும். நீங்கள் சுடவைத்ததும் இரண்டும் பிரிந்து, மடிப்பும் குலைந்துபோனது. அப்புறம் அது எதைப் பிடிக்கும்?

பிளாட்டுக்கு, தனித்து நிற்கும் பெரிய சங்கிலியைப் பிடிக்கும் ஹெச்சி10 என்ற ஆன்டிபாடியைக் கேளுங்கள். அது பெரும்பாலும் எச்.எல்.ஏ.வின் பி, சி வகைகளைத்தான் பிடிக்கும் என்பது நினைவிருக்கட்டும். 45 கிலோடால்டன் பக்கம் பேண்ட் வரும். ஃபுளோவில் கிடைத்த ஒளியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டபிள்யூ6/32 போலவே எலியின் ஐஜிஜி2ஏ வகையாக இருந்தும் எச்.எல்.ஏ.வைப் பிடிக்காத ஆன்டிபாடியை (ஐசோடைப்) ஒரு குழாயில் போடுங்கள். எச்.எல்.ஏ. முதல் வகை இல்லாத கே562 என்ற ஆய்வகச் செல்லை இன்னொன்றில் வையுங்கள். இவையும் ஒளிர்ந்தால் பிழை உங்கள் கையில்.

கெட்டுப்போன குப்பியை நான் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா அடித்து கரண்ட் போனபோது, ஃபைகோஎரித்ரின் என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி ஒன்றை மீன் ஐஸ் வாங்கி தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன். கரண்ட் வந்த சந்தோஷத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று நானே அதை ஃப்ரீசரில் வைத்துத் தொலைத்தேன். உறைந்து இளகியதும் ஒளி போச்சு. புயலுக்குத் தப்பியது என் கைக்குத் தப்பவில்லை. அந்த மாதிரிக் குப்பிக்கு 4 டிகிரி, இருட்டு, அவ்வளவுதான்.

கேள்வி: இந்த ஆன்டிபாடி மருந்துக்காகத் தினமும் எலிகளைக் கொல்கிறார்களா?
- விவசாயி, வலங்கைமான்

பதில்: மருந்து இல்லை ஐயா, ஆய்வகச் சரக்கு. 1975இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் எலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, சாகாமல் பெருகிக்கொண்டே ஒரே ஆன்டிபாடியைச் சுரக்கும் கலப்புச் செல்லை உண்டாக்கினார்கள். 1984இல் நோபல் கிடைத்தது. நம் மாணவி வாங்கிய டபிள்யூ6/32 வந்தது 1978இல். அன்று கிடைத்த செல்லை உறையவைத்துக் காத்து, வேண்டும்போது எடுத்து வளர்த்துத்தான் இன்றும் குப்பியில் அடைக்கிறார்கள். விதைநெல் கணக்குதான்; குப்பிக்கு ஓர் எலி இல்லை.