கறுத்த பக்கிளுக்கு எத்தனை நாள் தண்டனை?

கேள்வி: என் மகன் ராணுவப் பயிற்சி மையம் ஒன்றில் இருக்கிறான். காலை பரேடில் அவனுடைய பெல்ட் பக்கிள் கறுத்திருந்ததாம். அதற்காக அவனுடைய பிளாட்டூன் முழுவதையும் முதுகுச்சுமையோடு ஓட விட்டிருக்கிறார்கள். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர அவுட்பாஸும் இல்லை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், வேலூர் மாவட்டம்

பதில்: அம்மா, 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் சீருடைப் பிழைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஊறு செய்யும் எந்தச் செயலையும் பொதுவாகக் குறிக்கும் 63-ஆம் பிரிவுக்குள்தான் அதைப் பெரும்பாலும் கொண்டுவருவார்கள். அந்தப் பிரிவின்கீழ் ராணுவ நீதிமன்றம் 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கறுத்த பக்கிளுக்கு யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும், பிரிவு இவ்வளவு அகலமாக இருப்பதால்தான் அளவறிந்து நடக்கும் பொறுப்பு அதைக் கையாளும் அதிகாரியைச் சேர்கிறது.

சிறு குற்றங்களுக்கு 80-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி 28 நாள் வரை காவலிலோ லைனுக்குள்ளோ (படையினர் தங்கும் இடத்துக்குள்ளோ) வைக்கலாம், கூடுதல் காவல் பணி கொடுக்கலாம், ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இந்த அதிகாரம் கமாண்டிங் ஆபீசருக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற அதிகாரிகளுக்கும் உரியது. குற்றச்சாட்டை ஜவானின் முன்னிலையில் விசாரித்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் தன் தரப்பைச் சொல்லவும் அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 22-ஆம் விதி சொல்கிறது. பயிற்சி தரும் உஸ்தாதுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அவருக்கு இருப்பது திருத்தும் கடமை. "மாலை ஃபால்-இன்னில் பக்கிளைத் துலக்கிக் கொண்டுவந்து காட்டு" என்பது திருத்தம். பிழை சரியானதும் அது முடிந்துவிட வேண்டும்.

நானும் இதில் தவறியவன்தான். ஹவில்தாராக இருந்தபோது ஒரு பையனுடைய பக்கிளில், சின்னத்தின் பள்ளங்களில் பித்தளை துலக்கும் பிராஸோ காய்ந்து வெள்ளைப் பொடியாய் அடைத்திருந்ததைப் பார்த்ததும், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மைதானத்தை மூன்று சுற்று ஓட வைத்தேன். முந்தைய இரவு அவன் சென்ட்ரி பணியில் இருந்தான் என்பதும், விடியுமுன் இருட்டில் கைக்குத் தெரிந்தவரை துலக்கியிருக்கிறான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

ஒருவர் பிழைக்குப் பிளாட்டூன் முழுவதையும் ஓட்டுவதற்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஒற்றுமை வளரும் என்று அதற்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலில் எல்லோரும் ஓடிய ஓட்டத்துக்கு இரவில் பாரக்கில் அந்த ஒரு பையனிடம்தான் கணக்குத் தீர்ப்பார்கள். அப்போது அங்கே உஸ்தாத் இருக்கமாட்டார். அவுட்பாஸ் சலுகைதான், உரிமை அல்ல. ஒரு ஞாயிறு மறுத்ததை எதிர்த்து வாதாடுவது கடினம். வாரக்கணக்கில் தொடர்ந்து மறுத்தால், விசாரணை இல்லாமலே லைனுக்குள் அடைக்கும் தண்டனையாக அது மாறிவிடுகிறது.

உடையைப் பற்றிய உத்தரவு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்க் கோட்டையே கண்டிருக்கிறது. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பொருத்திய புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தில் விதி வந்தது. எதிர்த்த சிப்பாய்களில் சிலருக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் கிளர்ச்சி வெடித்தது. கறுத்த பக்கிளை அதோடு ஒப்பிட முடியாதுதான்.

இப்போதைக்கு நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். 26-ஆம் பிரிவின்படி உங்கள் மகனே தன் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். குறை அந்தக் கமாண்டர் மீதே என்றால் அவருக்கு மேலுள்ள அதிகாரியிடம் போகலாம். அடித்தாலோ வேறு விதமாகக் கொடுமைப்படுத்தினாலோ அது 47-ஆம் பிரிவின்படி மேலவர் செய்த குற்றமாகும்; அதற்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

கேள்வி: நான் நாயக். என் செக்‌ஷனில் ஒரு ஜவான் மூன்றாவது முறையாகப் பூட் சரியில்லாமல் வந்திருக்கிறார். முதல் இரண்டு முறை கூடுதல் டியூட்டி கிடைத்தது. இம்முறை எல்லாவற்றையும் சேர்த்துச் சார்ஜ் போட வைத்து, ரெட் இங்க் என்ட்ரி (சேவைப் பதிவில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பு) வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர்

பதில்: முதல் இரண்டு முறையும் 80-ஆம் பிரிவில் முடிந்தவை என்றால், அதே குற்றங்களுக்காக மறுபடி வழக்கு நடத்த 121-ஆம் பிரிவு இடம் தராது, மூன்றாவது பிழையை மட்டுமே சார்ஜில் எழுதலாம். நான்கு ரெட் இங்க் என்ட்ரி சேர்ந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற நினைப்பு பல யூனிட்களில் இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் போதாது, முறையான விசாரணை நடத்தி, குற்றங்களின் தன்மையையும் அவர் ஆற்றிய சேவையையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த நான்கில் ஒன்று உங்கள் கையால் தொடங்க வேண்டுமா என்று யோசியுங்கள். மூன்று முறையும் ஒரே ஜோடி பூட்தான் என்றால், முதலில் அதன் அடித்தோலைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டோரில் அவருடைய அளவில் வேறு ஜோடி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.