கணக்கு எழுதினால் அவிசுவாசமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார், மழைக்காலத்தில் பாதி நாள் வேலை இருக்காது. நான் வீட்டில் முறுக்கு, சீடை சுட்டு விற்கிறேன். குழுக்கடனுக்கு வாரத் தவணை, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ். ராத்திரி வரவு செலவு எழுத உட்கார்ந்தால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், இதெல்லாம் அவிசுவாசம்" என்கிறார். கடன் வாங்கியாவது காணிக்கை கொடுங்கள், பல மடங்காகத் திரும்பி வரும் என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் வேறு சொல்கிறார். என் விசுவாசம்தான் குறைவா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை சகோதரி. நோட்டை மூடிவிடாதீர்கள்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். அதில் வரும் விதவைக்கும் கடன் பிரச்சினைதான், கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவளிடம் முதலில் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது என்கிறாள். சரி, அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிவா என்கிறார், அந்த ஒரு குடத்து எண்ணெய் பாத்திரங்கள் தீரும்வரை வற்றாமல் ஊற்றுகிறது (சீர்ப் பாத்திரங்களை அறை நிறைய அடுக்கி வைத்திருக்கும் நம் செட்டிநாட்டு வீடுகள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த எண்ணெய் லேசில் நின்றிருக்காது!), பாத்திரமெல்லாம் நிரம்பிய பிறகும் எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று எதற்குப் பிறகு எது என்பதைச் சொல்லித்தான் அனுப்புகிறார். இருப்பு, கடன், மீதி எல்லாம் அந்த அற்புதத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. பாத்திரம் கேட்டு வீடு வீடாகப் போனதால் அவள் கஷ்டம் தெருவுக்கே தெரிந்திருக்கும். நாம்தான் வெள்ளைச் சேலை கட்டி ஆராதனைக்குப் போய், ஒன்றுமே இல்லாதமாதிரி சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம். போதகரிடமோ நம்பிக்கையான ஒரு அக்காவிடமோ சொல்லுங்கள், பணம் கிடைக்காவிட்டாலும் நாலு பலகார ஆர்டராவது பிடித்துக் கொடுப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. எதை உண்போம் என்று கவலைப்படாதிருங்கள் என்று மத்தேயு 6-ல் இயேசுவே சொல்கிறார், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவும் மறுநாளுக்கென்று எடுத்து வைத்தபோது புழுத்துப் போனது என்று யாத்திராகமம் 16-ல் இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் ஆறாம் நாள் மறுநாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்லியிருக்கிறதே! கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-ல் கேட்பதும் இயேசுதான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர், யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தை மட்டும் நம்பியவர் என்று மேடையில் எல்லாரும் சொல்வார்கள். அவர் வந்த காசையெல்லாம் எழுதி வைத்து வரவு செலவை அச்சடித்தே வெளியிட்டவர், கடன் வாங்குவதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தவர். அதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

காணிக்கைக்கு வருகிறேன். கடன் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். ஒருவனிடம் இல்லாததைக் கேட்காமல், இருப்பதைப் பார்த்தே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது, கூட்டத்தில் பேசினவரிடம் இதைக் காட்டுங்கள்.

அப்புறம், இந்த மழைக்காலத் தவணை இடிக்கும் என்று தெரிந்தால் குழுத் தலைவியிடம் இப்போதே பேசிவிடுங்கள், ஒரு வாரம் தவறிய பிறகு போய் நின்றால் அவரும் உங்களுக்காகப் பேசுவது கஷ்டம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.