பழைய பாத்ஃபைண்டரில் வள்ளம் இழுக்கலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 2007 நிசான் பாத்ஃபைண்டர் இருக்கிறது. 4.0 லீற்றர் வி6, நாலு சில்லு இழுவை, 2,10,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. பெரிய பிரச்சினை எதுவும் தந்ததில்லை. 18 அடி பைபர் வள்ளம் ஒன்றை, 115 குதிரைவலு மோட்டரும் ட்ரெய்லருமாகப் பேசி முடித்திருக்கிறேன். வள்ளத்தின் நிறை 1,900 இறாத்தல் என்று விற்பவர் சொல்கிறார். பாத்ஃபைண்டர் 6,000 இறாத்தல் இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. ஹிட்ச் (ட்ரெய்லரைக் கொளுவும் இரும்பு) மட்டும் பூட்டினால் போதும்தானே? ஒன்ராறியோவில் உள்ள ரைஸ் லேக் ஏரிக்குக் கொண்டுபோக யோசனை.
- ஸ்காபரோ வாசகர்

பதில்: தம்பி, ஹிட்ச் கடைசி வேலை. முதல் காசை ரேடியேற்றருக்குச் செலவழியுங்கள்.

ஓட்டோமற்றிக் வாகனங்கள் பலவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றருக்கு உள்ளேயே இருக்கும். 2005 முதல் 2010 வரை வந்த பாத்ஃபைண்டர், ஃப்ரொன்ரியர், எக்ஸ்டெரா மூன்றிலும் அந்த உட்குழாய் வெடித்து, கூலன்றும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கியர் எண்ணெயும் கலந்துவிடுவது ஊரறிந்த விஷயம். அமெரிக்காவில் வழக்கு வரை போய், உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். உங்கள் வாகனத்துக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கலந்த பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்புக் கூழ்தான் இருக்கும். கூலன்றில் உள்ள கிளைக்கோல், கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் கிளச் தட்டுகளின் உராய்வுப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசையைக் கெடுத்துவிடும். ரேடியேற்றர் சில நூறு டொலர். கியர்ப்பெட்டி பல ஆயிரம், இன்று உங்கள் வாகனம் விலைபோகும் காசைவிடக் கூடவும் வரலாம்.

ஆகவே முதலில், ரேடியேற்றர் மாற்றிய பில் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே" என்பது ஒரு ஆதாரம் இல்லை. இதுவரை அது வள்ளம் இழுக்கவில்லை.

புது ரேடியேற்றர் போட்ட பிறகு, ஏசி கண்டென்சருக்கு முன்னால் கியர் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு சின்னக் கூலர் பூட்டுங்கள். சிலர் ரேடியேற்றரை முற்றாக விலக்கிவிட்டு வெளிக் கூலரை மட்டும் வைக்கச் சொல்வார்கள். ரெக்சாஸில் அது சரி. இங்கே கனடாவில் சைபருக்குக் கீழே இருபது பாகையில் எண்ணெய் சூடேற நெடுநேரம் பிடிக்கும், அதுவரை கியர் முரட்டுத்தனமாக விழும். எண்ணெய் முதலில் ரேடியேற்றருக்குள் போய், பிறகு வெளிக் கூலரைத் தாண்டி, அதன்பிறகு பெட்டிக்குத் திரும்புகிற மாதிரிக் குழாயைப் பூட்டச் சொல்லுங்கள். ரேடியேற்றரை விலக்கித்தான் ஆகவேண்டும் என்றால் வெப்பத்துக்குத் திறந்து மூடும் வால்வு ஒன்று இடையில் வேண்டும்.

எண்ணெயையும் பாருங்கள். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டால் சிவப்பாகவோ மண்ணிறமாகவோ இருக்கலாம். கறுத்து, கருகிய மணம் வந்தால் இந்த வாகனத்தில் வள்ளம் கட்டும் யோசனையை விடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், கீழே வடித்து நிரப்பி, சில நாள் ஓடிவிட்டு இன்னொரு தடவை வடித்து நிரப்பினால் போதும். இவ்வளவு ஓடிய பெட்டியில் மெஷினைப் பூட்டி ஒரேயடியாகத் தள்ளி எடுப்பதை நான் விரும்புவதில்லை.

சரி, நிறைக்கு வருவோம். 1,900 இறாத்தல் என்பது வெறும் உடம்பு. 115 குதிரைவலு மோட்டர் சுமார் 370. ட்ரெய்லர் ஒரு 750. நூறு லீற்றர் பெற்றோல் 160 இறாத்தலுக்கு மேல். பற்றரி, நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 200 தாண்டும். மொத்தம் ஏறக்குறைய 3,400 இறாத்தல், அதாவது 1,540 கிலோ. 401 நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் தரிப்பிடங்களில் பெரிய தராசு இருக்கிறது. வாங்க முன் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள், சின்னக் காசுதான்.

6,000 க்கு 3,400 பாதிக்குக் கொஞ்சம் கூடத்தானே என்று நினைப்பீர்கள். அந்த இலக்கம் புது வாகனத்துக்கு, அதுவும் கிட்டத்தட்ட ஆளில்லாமல் ஓடும்போது. எங்கள் ஆட்கள் ஏரிக்குப் போனால் மூன்றாவது இருக்கையும் நிரம்பும். மாமி, மச்சான், பிள்ளைகள், பார்பிகியூ அடுப்பு, ஒரு பெரிய சட்டி புரியாணி. அத்தனையும் பின் அச்சில்தான் இறங்கும், ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச்சை அழுத்தும் மூக்குச் சுமையும் அதே இடத்தில்தான். ஆட்களில் பாதியை இன்னொரு காரில் அனுப்புங்கள்.

1,540 கிலோவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒன்ராறியோவில் மொத்த நிறை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ள ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். நீங்கள் வாங்கும் ட்ரெய்லரில் பிரேக் இருக்கிறதா, அது பிடிக்கிறதா? வள்ள ட்ரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது சேர்ஜ் பிரேக். நீங்கள் பிரேக்கை மிதிக்க, ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்தத் தள்ளுதலே மூக்கில் உள்ள சிலிண்டரை அழுத்தி ட்ரெய்லர்ச் சில்லுகளைப் பிடிக்க வைக்கும். வாகனத்துக்குள் தனிப் பிரேக் கொன்ட்ரோலர் எதுவும் தேவையில்லை, யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் மேட்டில் பின்னுக்கு எடுக்கும்போதும் அதே சிலிண்டர் அழுத்தப்படும், ட்ரெய்லர் அசையாது. அதை விடுவிக்க ரிவேர்ஸ் விளக்கின் வயரிலிருந்து ஒரு இணைப்பு வேண்டும். அதனால்தான் ட்ரெய்லர் விளக்குக்குக் கொடுக்கும் நாலு முனைப் பிளக் போதாது, ஐந்து முனை வேண்டும். தண்ணீருக்குள் இறங்கி இறங்கி இந்தப் பிரேக்குகள் துருப்பிடித்து இறுகிவிடும். சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரியும்.

இனி ஹிட்ச். இரண்டு அங்குல ரிசீவர் (உருண்டைத் தண்டைச் செருகும் சதுரத் துளை) உள்ள கிளாஸ் 3 ரகம் போதும். அதைப் பூட்டுகிற இரும்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பதினைந்து வருடத்துக்கு மேல் இங்கத்தைய உப்பில் ஓடிய சேஸி. பின் பம்பருக்கு உள்ளே, சேஸியின் கடைசி முழத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ, தகடு தகடாக உரிந்து விழுந்தாலோ, எந்தக் கடைக்காரன் "பூட்டித் தருகிறேன்" என்றாலும் பூட்டாதீர்கள். அங்கேயே குனிந்து பிரேக் குழாய்களையும் பார்த்துவிடுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், பழைய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்துப் பெடல் தரைக்கு இறங்கிவிடும். அதையும் மாற்றுங்கள்.

ஹிட்ச் உருண்டையின் அளவை ட்ரெய்லரின் மூக்கில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு அங்குல மூக்குக்குள் ஒன்றேமுக்கால் சொச்ச அங்குல உருண்டையும் பூட்டினமாதிரியே இருக்கும், பள்ளத்தில் ஒருமுறை துள்ளினால் கழன்றுவிடும். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் ஜாக்கைச் சுற்றுங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது.

மூக்குச் சுமை மொத்தத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இருக்கவேண்டும், உங்களுக்கு 150 கிலோ சொச்சம். குறைந்தால் நெடுஞ்சாலையில் வாலாட்டும். குளியலறைத் தராசு அவ்வளவு தாங்காது என்பதால் ஒரு பலகை எடுத்து, ஒரு முனையைச் செங்கல்லிலும் மறுமுனையைத் தராசிலும் வையுங்கள். செங்கல்லில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ட்ரெய்லரின் மூக்கை இறக்கி, தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். சுமை குறைவாக இருந்தால் வள்ளத்தின் முன்முனையை இழுத்துக் கட்டும் வின்ச் தூணை முன்னுக்கு நகர்த்தி வள்ளத்தை முன்னே இழுக்கலாம். ஐஸ் பெட்டியை முன்னுக்குத் தள்ளி வைப்பதெல்லாம் காணாது.

பருத்தித்துறைக் கரையில் பத்துப் பேர் தோள் கொடுத்து ஏற்றுகிற வள்ளத்தை இங்கே ஒரு கியர்ப்பெட்டி தனியாக ஏற்றுகிறது. அதை நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். போர்ட் ஹோப்பில் இறங்கி 28 ஆம் இலக்க வீதியால் ரைஸ் லேக் கரையில் உள்ள பியூட்லிக்குப் போகும்போது ஓக் ரிட்ஜஸ் மேட்டைக் கடக்கவேண்டும். ஐந்தாவது கியருக்கும் நாலாவதுக்கும் இடையில் பெட்டி தாவித் தாவி மாறினால்தான் சூடு ஏறும், ஆகவே ஐந்தாவதுக்குப் போகவிடாமல் நாலில் வைத்திருங்கள். வாகனத்தின் கணினியைப் படிக்கும் ஓபிடி துளையில் செருகும் சின்னக் கருவி ஒன்று வாங்கினால் கியர் எண்ணெயின் சூட்டை ஃபோனிலேயே பார்க்கலாம். 100 பாகை தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். 120 ஐ நெருங்கினால் ஓரமாக நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். நிற்கிற இடத்தில் ட்ரெய்லரின் சில்லுக் குடத்தையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: எங்களிடம் 2010 ஹொண்டா சிஆர்வி இருக்கிறது. 14 அடி அலுமினிய வள்ளம், 9.9 குதிரைவலு மோட்டர். மாமனாரும் கணவரும் அதைக் கட்டி இழுக்கலாம் என்று அடம்பிடிக்கிறார்கள். வாகனம் என்னுடையது. என்ன சொல்கிறீர்கள்?
- ஏஜக்ஸ் வாசகி

பதில்: தங்கச்சி, இந்தத் தடவை அவர்கள் சொல்வது சரி. உங்கள் சிஆர்வி இழுக்கக்கூடியது 1,500 இறாத்தல். அந்த வள்ளம், மோட்டர், சின்ன ட்ரெய்லர், தட்டுமுட்டு எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அதில் பாதிக்குத்தான் வரும். தனிப் பிரேக் தேவையில்லை. சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்று எழுதியிருக்கும், மூக்குச் சுமையையும் அதற்குள் கணக்கிடுங்கள். கியர் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கணவரைக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். ஏரிக்கரைச் சரிவில் பாசி வழுக்கும், ஹாண்ட் பிரேக் கேபிளும் பழசு. பின் சில்லுக்கு அடியில் ஒரு கட்டை வைக்காமல் யாரும் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது.

கேள்வி: ட்ரெய்லர் இழுக்க ஜி லைசென்ஸ் (ஒன்ராறியோவின் சாதாரண கார் லைசென்ஸ்) போதுமா? வேறு என்ன பத்திரம் வேண்டும்?
- மார்க்கம் வாசகர்

பதில்: போதும். ட்ரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டாமலும் வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவுக்கு உட்பட்டும் இருந்தால் ஜி தான். ட்ரெய்லருக்குத் தனி இலக்கத்தகடு வேண்டும். மோட்டர் பூட்டிய வள்ளத்தை ஓட்டுபவர் கையில் அதற்குரிய சாரதி அட்டை இருக்கவேண்டும், ஒரு சோதனை எழுதி எடுக்கலாம். மோட்டர் 10 குதிரைவலு அல்லது மேல் என்றால் வள்ளத்துக்கும் லைசென்ஸ் இலக்கம் வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு ஏரியின் பாசியும் சிப்பியும் இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க, 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தைத் தெருவில் ஏற்ற முன் உள்ளே உள்ள தண்ணீரை வடித்து, அடிச் செருகியைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். கழற்றிய செருகியை வள்ளத்துச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைப் பூட்ட மறந்து தண்ணீருக்குள் இறக்குவீர்கள். ஒவ்வொரு கோடையிலும் கரையில் யாராவது அப்படி வாளியோடு நிற்பார்கள்.