ரூட் கெனாலும் முப்பரிமாண ஸ்கேனும்: உங்கள் கேள்விகளுக்குப் பல் டாக்டரின் பதில்கள்

யாங்கோன் வாசகி: மேல் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து கேப் போட்டிருக்கிறேன். இப்போது கடித்தால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, கோன் பீம் சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வா என்கிறார் டாக்டர். வீண் செலவா, டாக்டரம்மா?

வீண் இல்லைங்க, எடுத்துவிடுங்கள். சாதாரண எக்ஸ்ரே என்பது ஒரு நிழல்தான். அந்தப் பல்லின் மூன்று வேர்கள், கன்ன எலும்பு, மேலே இருக்கும் சைனஸ் அறை எல்லாம் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும். வேர்நுனியில் எலும்பு அரித்திருந்தாலும், அரிப்பு உள்ளே பஞ்சு போன்ற பகுதியோடு நிற்கும்வரை பல நேரம் நிழலில் தெரியாது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில், கன்னப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நரம்பு ஓடும் குழாய் இரண்டாவதாக ஒன்று இருக்கும். மெல்லியது, வாசலும் மூடியிருக்கும், எளிதில் விட்டுப்போகும். ஸ்கேனில் அந்த வேரைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், ரூட் கெனாலில் சுத்தம் செய்து அடைத்த குழாய் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி வேரின் நடுவில் இருந்தால் சரி. ஓரமாக ஒதுங்கி இருந்தால், மறுபக்கம் திறக்காத குழாய் ஒன்று இருக்கலாம் என்று அர்த்தம். டாக்டரிடம் அந்த வெட்டுப் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கண்ணுக்கே தெரியும். கூடவே சைனஸின் அடித்தோல் தடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பல்லில் தொடங்கிய தொல்லையைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பெகு வாசகர்: அப்பா சின்ன வயதிலிருந்தே குன்யா (பர்மிய வெற்றிலைப் பாக்கு) போடுபவர். ரூட் கெனால் செய்த கீழ்ப்பல்லின் ஈறில் கொப்புளம் வந்து வந்து போகிறது. வேரில் விரிசலாக இருக்கலாம் என்கிறார்கள். ஸ்கேனில் தெரிந்துவிடுமா?

இதில்தான் எல்லோரும் ஸ்கேனை அளவுக்கு மீறி நம்புகிறார்கள், தம்பி. வருஷக்கணக்காகக் கொட்டைப்பாக்கைக் கடித்த பல் தேய்ந்து, விரிசல் விடுவது உண்மைதான். ஆனால் கூர்மையான ஸ்கேனிலும் ஒரு படப்புள்ளியின் அளவு 0.1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். விரிசல் அதைவிட மெல்லியதாக இருந்தால் தெரியாது. போதாக்குறைக்கு, குழாயை அடைத்த கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளும் உலோகக் கம்பியும் கேப்பும் கறுப்புக் கோடுகளை உண்டாக்கும். அவை விரிசல் மாதிரியே இருக்கும்.

அந்த ஒரு கோட்டை மட்டும் பார்த்துப் பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். வேரின் பக்கவாட்டில் எலும்பு கரைந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஈறு ஓரத்தில் அளவுகோல் கம்பியை விட்டால் ஒரே இடத்தில் மட்டும் ஆழமாக, குறுகலாக இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சொன்னால் சந்தேகம் வலுக்கும். பிறகு சாயம் தடவி நுண்ணோக்கியில் நேரில் பார்ப்பது நல்லது. பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாதே!

மோல்மேன் வாசகர்: என் மனைவி பர்மியர். அவருக்குக் கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். முதலிலேயே ஸ்கேன் எடுத்துவிடலாமா?

எடுத்த எடுப்பில் வேண்டாம். அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்களும் வாய்க் கதிரியக்க நிபுணர்களும் சேர்ந்து 2015-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், முதலில் சாதாரண எக்ஸ்ரே என்றுதான் சொல்கிறது. கோணத்தை மாற்றி இரண்டு படம் எடுத்தாலே நிறைய விளங்கும்.

ஆனால் உங்கள் மனைவி விஷயத்தில் டாக்டர் சற்றுக் கூர்ந்து பார்ப்பது நல்லது. பர்மிய மக்களின் கீழ்க் கடைவாய்ப் பற்களைப் பற்றி 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் இரண்டாம் கடைவாய்ப் பற்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், குழாய்கள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து பிறை வடிவில் ஓடின. முதல் கடைவாய்ப் பற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மூன்றாவது வேர் இருந்தது. பிறை வடிவக் குழாயைச் சுத்தம் செய்வதும் அடைப்பதும் சிரமமான வேலை. எக்ஸ்ரேயில் இரண்டு வேரும் ஒட்டினாற்போல் தெரிந்தால், அப்போது ஸ்கேன் எடுக்கலாம்.

மாண்டலே வாசகி: கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுக்கும் சின்ன ஸ்கேனில் பொதுவாகச் சில பத்து மைக்ரோசீவெர்ட்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2400 மைக்ரோசீவெர்ட் வருகிறது. அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கக்கூடாது, குழந்தைகளுக்கு இன்னும் யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாங்கோன் வாசகர்: ஸ்கேன் எடுக்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும், அக்கா?

முழுத் தாடையையும் எடுக்க வேண்டாம். 5 சென்டிமீட்டர் அளவு, அந்தப் பல்லை நடுவில் வைத்து, என்று டாக்டரிடம் எழுதி வாங்கிப் போங்கள். சின்ன வட்டத்தில் படமும் தெளிவாக இருக்கும். தோடு, மூக்குத்தி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கருவி சுற்றும் சில நொடிகள் எச்சில்கூட விழுங்காமல் அசையாமல் இருங்கள். அப்புறம், அச்சடித்த படத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள். டைகாம் கோப்பை, அதாவது ஸ்கேனின் மூலக் கணினிக் கோப்பை, பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் டாக்டர் தனக்கு வேண்டிய கோணத்தில் வெட்டிப் பார்க்க முடியும்.